சந்திரபாபுவின் பழைய தட்டுகள்: யோடலிங் கெடாமல் கேட்கவும் கணினியில் ஏற்றவும் வழி

#1 வளவு_வானொலி
நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபு பாடிய பாட்டுகளைப் பழைய ரெக்கார்டிலிருந்தே கேட்டு, கணினியிலும் ஏற்றி வைக்க ஆசை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கட்டுத் தட்டு வாங்கியாச்சு. பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் 10 அங்குலத் தட்டு, கூடவே 45 சுற்று ஓடும் சில 7 அங்குலத் தட்டு. வீட்டில் இருப்பது ஹெச்.எம்.வி. பியஸ்டா ரெக்கார்டு பிளேயர் பெட்டி. கேள்விகள்:

ஒரே பாட்டு இணையத்தில் ஓர் இடத்தில் கீச்சென்றும் இன்னோர் இடத்தில் கனத்தும் கேட்கிறது. எது சரி? அவர் யோடலிங் செய்யும் (இயல்பான குரலிலிருந்து மெல்லிய உச்சக்குரலுக்குச் சட்டென்று தாவும்) இடத்தில் மட்டும் தட்டு கரகரவென்று கிழிகிறதே, ஏன்? சில தட்டு வளைந்திருக்கு, சிலதில் வெள்ளையாகப் பூஞ்சை. அப்புறம், எந்தெந்தப் பாட்டைக் கட்டாயம் தேட வேண்டும்?

#2 ஊசிமுனை
முதல் காரியமாக பியஸ்டாவிலிருந்து கையை எடுங்க. பெட்டி மோசம் என்பதல்ல. ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் அந்தக் காலக் கிரிஸ்டல் கேட்ரிட்ஜுக்குள் இருப்பது ரோஷெல் உப்பு. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றிலேயே அது கரைந்து செத்திருக்கும். சத்தம் வந்தாலும் மெலிந்துதான் வரும். ஒரு பக்கம் 78-க்கும் மறுபக்கம் மற்ற தட்டுக்கும் என்று ஊசி திருப்பும் வகையாக இருந்தால், 78 பக்கம் தேய்ந்து உளி மாதிரி ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அதோடு ஐந்து முதல் பத்து கிராம் வரை அழுத்தம் வேறு. தட்டைச் செதுக்கிவிடும். தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் இறுகி ஒரு பக்கம் தட்டையானால் உறுமலும் சுருதி ஆட்டமும் சேர்ந்து வரும். சந்திரபாபு நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தில் அது உடனே தெரியும்.

பித்தளைக் குழல் வைத்த கிராமபோன் ஒன்றையும் கடையில் காட்டியிருப்பாங்க. பெரும்பாலும் அவை புதிதாகச் செய்து, நாய் படம் ஒட்டியவை. அசலாகவே இருந்தாலும் 1950-களின் தட்டை அதில் வைக்கக் கூடாது. ஊசியைத் தாங்கும் அதன் தலை, அதாவது சவுண்ட் பாக்ஸ், நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் ஓடுகிற ஒவ்வொரு தடவையும் பள்ளத்தின் சுவர் சாம்பலாக உதிரும்.

#3 தேவகோட்டை_ரஸ்தா
பாட்டுப் பட்டியலை நான் எடுத்துக்கிறேன். கால வரிசை வேண்டாம், எதற்காகக் கேட்க வேண்டும் என்ற வரிசையில் சொல்றேன்.

யோடலிங்குக்கு ‘புதையல்’ (1957) படத்தின் ‘உனக்காக எல்லாம் உனக்காக’. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. நெஞ்சுக்குரலிலிருந்து கள்ளத்தொண்டைக்குத் தாவும் அந்த முறிவைத் தட்டில் கேட்டால்தான் அவர் எவ்வளவு துல்லியமாக இறங்குகிறார் என்று விளங்கும். அதே ஆண்டின் ‘மணமகன் தேவை’ படத்தில் ‘பம்பரக் கண்ணாலே’, ஜி. ராமநாதன் இசை. கர்நாடக ராகங்களில் ஊறிய ஒருவர் மேற்கத்தியத் தாளத்துக்கு இவரை எப்படிப் பயன்படுத்தினார் என்று கவனிக்க இது நல்ல இடம்.

ஜோடிப் பாட்டுக்கு ‘மரகதம்’ (1959), எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் ஜமுனாராணியுடன் ‘குங்குமப் பூவே’. இரண்டு குரலும் மைக்கிலிருந்து வேறு வேறு தூரத்தில் நிற்பது நல்ல தட்டில் தெரியும்.

ஏ.வி.எம். வரிசை தனி. 1954-இல் ‘பெண்’ படத்தில் ‘கல்யாணம்’ என்று தொடங்கும் பாட்டு. திரையில் வாயசைப்பவர் எஸ். பாலச்சந்தர், குரல் சந்திரபாபுவுடையது. 1959-இல் ‘சகோதரி’யில் ‘நான் ஒரு முட்டாளுங்க’, 1962-இல் ‘அன்னை’யில் ‘புத்தியுள்ள மனிதரெல்லாம்’. மூன்றுக்கும் இசை ஆர். சுதர்சனம். கடைசி இரண்டும் நம்ம சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் எழுதியவை. கண்ணதாசனும் சந்திரபாபுவும் 1927-இல் பிறந்தவர்கள், சந்திரபாபு தூத்துக்குடிக்காரர்.

கண்ணதாசனே தயாரித்து, சந்திரபாபுவை நாயகனாக்கிய ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்தின் ‘பிறக்கும் போதும் அழுகின்றாய்’ கிடைத்தால் விடாதீங்க. கோமாளிக் குரலுக்கு உள்ளே நல்ல பாடகர் இருக்கிறார் என்பதற்கு அந்த ஒரு பக்கம் போதும். ‘குமார ராஜா’வின் ‘ஒண்ணுமே புரியல’, ‘போலீஸ்காரன் மகள்’ படத்தின் ‘பொறந்தாலும் ஆம்பளையா’, ‘ஆண்டவன் கட்டளை’யின் ‘சிரிப்பு வருது’ இவையெல்லாம் எளிதாகக் கிடைக்கும். அவசரமில்லை.

#4 கோட்டையூர்_குழாய்
ரஸ்தா அண்ணே, ஏ.வி.எம். ஸ்டூடியோ காரைக்குடிப் பக்கம் உங்க தேவகோட்டை ரஸ்தாவில்தானே இருந்தது? சந்திரபாபுவின் ஏ.வி.எம். பாட்டெல்லாம் காரைக்குடியில் பதிவானதுன்னு கடைக்காரர் அடிச்சுச் சொல்றார். அதுக்காகவே விலையும் கூடச் சொல்றார்.

#5 தேவகோட்டை_ரஸ்தா
தம்பி, அந்தக் கதைக்குக் காசு கொடுக்காதீங்க. மெய்யப்ப செட்டியார் காரைக்குடிக்காரர், ஸ்டூடியோவும் தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தது, இரண்டும் உண்மை. 1947-இல் வெளியான ‘நாம் இருவர்’ இங்கே எடுத்ததுதான். ஆனால் 1948-இல் ஸ்டூடியோ சென்னைக்குப் போயிட்டது. சந்திரபாபு 1947-இல் ‘தன அமராவதி’யில் தலைகாட்டியிருந்தாலும், ஏ.வி.எம்.முக்குப் பாடியது கோடம்பாக்கம் காலத்தில். தட்டு அச்சானதோ ஹெச்.எம்.வி.யின் கல்கத்தா டம் டம் ஆலையில்.

#6 ஊசிமுனை
சுருதிக் கேள்விக்கு வர்றேன். கீச்சென்று இருப்பது பெரும்பாலும் தொலைக்காட்சியிலிருந்தோ வி.சி.டி.யிலிருந்தோ எடுத்தது. சினிமா நொடிக்கு 24 சட்டம் (பிரேம்). நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. படத்தை அப்படியே 25-இல் ஓட்டிவிடுவார்கள். படம் 4 சதவீதம் வேகமாகும், சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். மற்ற பாடகர்களிடம் இது அவ்வளவு உறுத்தாது. சந்திரபாபு கள்ளத்தொண்டையில் ஏற்கெனவே உச்சத்தில் நிற்பவர், இன்னும் ஏற்றினால் குழந்தைக் குரலாகிவிடும். ‘அவர் குரலே அப்படித்தான்’ என்று பலர் நம்புவது இதனால்தான்.

சரிபார்க்க ஆர்மோனியம் போதும். தட்டுப் பதிவு பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்டையில் பொருந்தும், தொலைக்காட்சித் துண்டு இரண்டு கட்டைக்கு நடுவே விழும். திருத்த, ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளின் வேக மாற்றத்தில் மைனஸ் 4 கொடுங்க. சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீங்க. அதில் தாளம் வேகமாகவே நின்றுவிடும், குரலும் தகரமாகும். அண்மையில் பிலிமிலிருந்து நேராக ஸ்கேன் செய்து 24-இலேயே ஏற்றிய பிரதிகளுக்கு இந்தத் திருத்தம் வேண்டாம். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மைனஸ் 4 போட்டால் நல்லதும் கெடும்.

கனத்துக் கேட்பதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். 78 தட்டை வேகம் குறைந்த பிளேயரில் ஓட்டியிருப்பார்கள், அல்லது இரைச்சல் நீக்குகிறேன் என்று மேல் ஸ்தாயியை வழித்தெடுத்திருப்பார்கள். முதலாவதில் தாளமும் தளரும், இரண்டாவதில் தாளம் சரியாக இருந்து குரல் மட்டும் போர்வைக்குள் இருந்து வரும்.

#7 பட்டாலைப்_பாட்டு
வேகத்துக்கு ஒரு குறிப்பு. வேகம் பார்க்கத் தட்டின் மேல் வைக்கும் கோடு போட்ட அட்டைதான் ஸ்ட்ரோப் அட்டை. 50 ஹெர்ட்ஸ் மின்சார விளக்கின் அடியில் 77 கோடு போட்ட அட்டையின் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் தட்டு நிமிடத்துக்கு 77.92 சுற்று ஓடுகிறது. கணக்கு எளிது. விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குது, நிமிடத்துக்கு 6000, அதை 77-ஆல் வகுத்தால் 77.92. அமெரிக்க 60 ஹெர்ட்ஸ் அட்டையில் வருவது 78.26. இரண்டுக்கும் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை, அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் அட்டை மாறிப் போனால் கோடு ஓடிக்கொண்டே இருக்கும், நீங்க பிளேயரைத்தான் குறை சொல்லுவீங்க.

எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தில் இந்த அட்டை சரியாக வேலை செய்யாது. பழைய செம்புக்கம்பி சோக்கு வைத்த டியூப்லைட் ஒன்று இருந்தால் அதன் அடியில் பாருங்க.

#8 வளவு_வானொலி
நன்றி அண்ணே. அப்ப பிளேயர் எது? புதுசா வாங்கணும்னா குறைஞ்ச செலவில் என்ன செய்யலாம்?

#9 ஊசிமுனை
33, 45, 78 மூன்றும் ஓடும் டர்ன்டேபிள், ஊசி மட்டும் கழற்றி மாற்றக்கூடிய கேட்ரிட்ஜ், இரண்டும் இருந்தால் போதும். ஆடியோ டெக்னிகா எல்.பி.120 மூன்று வேகமும் ஓடும். வி.எம்.95 வரிசையில் 78-க்கென்று எஸ்.பி. ஊசி தனியே வருது. கேட்ரிட்ஜ் உடல் ஒன்றேதான், ஊசியை மட்டும் இழுத்து மாற்றணும்.

ஏன் தனி ஊசி என்றால், எல்.பி. (33 சுற்றுத் தட்டு) ஊசியின் முனை 0.7 மில். 78-க்கு வேண்டியது 3 மில். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 78 தட்டின் பள்ளம் அகலம். சின்ன ஊசி சுவரைத் தொடாமல் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே படிந்திருக்கும் செம்மண் தூசியைத்தான் வாசிக்கும். இரைச்சல் முக்கால்வாசி அதுதான். 45 தட்டுக்கு மறுபடி சின்ன ஊசி. அதில் 3 மில் ஊசியை வைத்தால் பள்ளத்தின் தோள் போய்விடும்.

அழுத்தம் 78-க்கு மூன்று முதல் ஐந்து கிராம், ஊசியோடு வரும் தாளில் உள்ள அளவே கணக்கு. குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைக்கிறாங்க. இல்லை. குறைந்தால் ஊசி சுவரை விட்டுத் துள்ளி மறுபடி விழும். சேதம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இப்போ உங்க ‘யோடலிங்கில் கிழியுது’ கேள்வி. அதற்கு மூன்று காரணம் சேர்ந்திருக்கு. கள்ளத்தொண்டையில் குரல் சட்டென்று தாவும்போது பள்ளத்தின் வளைவு கூர்மையாகும், பழைய கனத்த ஊசி அந்த வளைவில்தான் சுவரை அரைத்திருக்கும். ஆகவே தட்டு முழுக்க நன்றாக இருந்தும் அந்த இடம் மட்டும் தேய்ந்திருக்கும். இரண்டாவது, 10 அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஓடும். முடிவில் லேபிள் பக்கம் வரும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். பாட்டின் கடைசியில் வரும் யோடலிங் அந்த நெருக்கடியில் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, இப்போதைய ஊசியும் பழைய ஊசி தேய்த்த அதே உயரத்தில் உட்கார்வது.

மூன்றாவதை மட்டும் நாம் சரி செய்யலாம். 2.5, 2.8, 3.5 மில் என்று வேறு அளவு முனை உள்ள ஊசிகள் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். பெரிய முனை மேலே ஏறி உட்காரும், சின்னது கீழே இறங்கும். தேய்வு எங்கே இருக்கோ அதைத் தவிர்த்த உயரத்தில் நல்ல சுவர் கிடைக்கும். ஒரே பக்கத்தை இரண்டு அளவில் ஓட்டி, யோடலிங் வரும் பத்து நொடியை மட்டும் ஒப்பிட்டால் போதும். முழுப் பாட்டையும் ஒப்பிட வேண்டாம், காது களைத்துவிடும்.

#10 ஆச்சி_அலைவரிசை
சுத்தம் செய்வது பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. அதைச் செய்யாமல் புது ஊசி வாங்கிப் பயனில்லை.

78 என்பது அரக்குத் தட்டு. ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் கிட்டே கொண்டுபோகாதீங்க. அரக்கைக் கரைத்துப் பள்ளத்தையே மழுக்கிவிடும். கடையில் ‘பளபளன்னு ஆக்கித் தர்றேன்’ என்று எண்ணெய் தடவிக் கொடுத்த தட்டும் வரும். அது தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், இரண்டு தடவை கழுவ வேண்டியிருக்கும்.

முதலில் வாசலில், காற்றோட்டத்தில், மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு மெல்லிய தூரிகையால் பூஞ்சையைத் துடையுங்க. வீட்டுக்குள் செய்தால் அது மற்ற தட்டுக்குப் போகும். பிறகு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. போர் தண்ணி வேண்டாம், நம்ம பக்கத்துத் தண்ணியின் உப்பு பள்ளத்திலேயே காய்ந்து நிற்கும். மென்மையான தூரிகையை நனைத்துப் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் தேய்க்கணும், குறுக்கே கூடாது. லேபிள் நனையாமல் ஒரு வட்ட ரப்பர் மூடியை அழுத்திப் பிடிச்சுக்குங்க. ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஈரம் நிற்க விடாதீங்க. தட்டில் அரக்கோடு கலந்திருக்கும் நிரப்புப் பொருள் நீரை இழுக்கும், ஓரத்தில் அடுக்கு தெரியும் தட்டாக இருந்தால் உப்பிப் பிளந்துவிடும். சுத்த நீரால் அலசி, மைக்ரோபைபர் துணியால் ஒற்றி, நிழலில் செங்குத்தாக நிறுத்திக் காய வையுங்க.

45 தட்டு வினைல். அதற்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஐந்தில் ஒரு பங்கு கலக்கலாம். 78-க்கு வைத்த தூரிகையை இதற்கு எடுக்காதீங்க, சின்னப் பள்ளத்தில் அரக்குத் துகள் போய் அடைக்கும்.

#11 கோட்டையூர்_குழாய்
ஆச்சி, வளைஞ்ச தட்டுக்கு வழி இருக்கா? வெயிலில் வைக்கலாம்னு சொல்றாங்களே.

#12 ஆச்சி_அலைவரிசை
அரக்குத் தட்டுக்கு மட்டும் செய்யலாம் தம்பி. கழுவிக் காய்ந்த தட்டை இரண்டு கனமான கண்ணாடிப் பலகைக்கு நடுவே வைத்து, சித்திரை வைகாசி வெயிலில் இருபது முப்பது நிமிடம். அதன் சூடு ஏறி அரக்கு இளகும்போது மேல் கண்ணாடியின் கனத்தில் தானே படியும். கையால் அழுத்தினால் உடையும். பிறகு கண்ணாடியை எடுக்காமலேயே நிழலுக்குக் கொண்டுபோய், முழுக்க ஆறின பிறகு எடுக்கணும். சூடாக இருக்கும்போது எடுத்தால் பழையபடி வளையும். தூசியோடு கண்ணாடிக்கு நடுவே வைத்தால் அந்தத் தூசி பள்ளத்திலேயே அச்சாகிவிடும், அதனால்தான் முதலில் கழுவச் சொன்னது. மயிர்க்கோடு விழுந்த தட்டை இதற்குள் நுழைக்காதீங்க. வினைலுக்கு வெயில் ஆகவே ஆகாது.

வைக்கும் இடம் இன்னும் முக்கியம். மேல்மாடியில் ஓட்டுக்கு அடியில் வைப்பதுதான் பாதி வளைவுக்குக் காரணம். தடித்த சுவர் கொண்ட கீழ்க்கட்டு அறையில், உள்சுவர் ஓரமாக, நேராக நிறுத்தி வையுங்க. படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது பிளக்கும். 10 அங்குல 78 ஒன்று சுமார் 200 கிராம், ஐம்பது சேர்ந்தால் பத்துக் கிலோ. அலமாரிப் பலகை அதைத் தாங்கணும். பழைய காகித உறையைக் கரையான் விரும்பிச் சாப்பிடும், மாற்றிடுங்க. உறையில் கடை முத்திரை இருந்தால் அதைத் தனியே ஒரு கவரில் போட்டு வையுங்க.

#13 மைக்செட்_பெட்டி
எங்கே தேடுவது என்று யாரும் சொல்லலையே. செட்டிநாட்டில் பெரிய வீட்டுப் பெட்டிகளைப் பிரித்தால் சாமான் ஏராளம் வரும். கொழும்பு, ரங்கூன், பினாங்கு போய் வந்த குடும்பங்கள், கிராமபோனும் கூடவே வந்தது. ஆனால் அந்தத் தட்டுகள் பெரும்பாலும் கர்நாடக சங்கீதம், நாடகப் பாட்டு, பாகவதர் கால சினிமா. சந்திரபாபு பாட வந்தது அதற்குப் பிற்பாடு. அவர் தட்டு கிடைக்கும் இடம் வேறு, பழைய மைக்செட் பெட்டி. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மரத்தில் குழாய் கட்டி ஓட்டியவை. கூட்டத்தைச் சிரிக்க வைக்க இவர் பாட்டு கட்டாயம் இருக்கும்.

குறை என்னவென்றால், மைக்செட் தட்டு மாதிரி உழைத்த தட்டு வேறு கிடையாது. அதனால் பார்த்து வாங்கணும். சின்ன டார்ச்சைத் தட்டுக்குச் சாய்வாகப் பிடிங்க. கறுப்பாக மின்னினால் நல்லது. சாம்பல் பூத்த வளையம் தெரிந்தால் அங்கே பள்ளம் அரைந்திருக்கு. முதல் கால் அங்குலம் மட்டும் சாம்பலாக இருந்தால் வாங்கலாம், அது ஊசியைத் தூக்கிப் போட்ட இடம். தட்டின் நடு ஓட்டையில் விரலைக் கோத்துத் தூக்கி, மறுவிரலால் ஓரத்தை மெல்லத் தட்டுங்க. கணீரென்று வந்தால் முழுசு. ‘தொப்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். நடு ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் தட்டு ஆடிக்கொண்டே ஓடும், சுருதியும் ஆடும். அதற்கு வழி ஒன்று: தட்டைக் கையால் நகர்த்தி மையம் பார்த்து வைத்து ஓட்டுவது.

லேபிளில் படப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், பாடியவர் பெயர் சில சமயம் அழிந்திருக்கும். அந்தக் காலத் தியேட்டர் பாட்டுப் புத்தகம் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒரே பாட்டாக இருந்தால் ஏமாற்று இல்லை. 78-இன் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான் தாங்கும். நீளமான பாட்டைப் பாதியாக வெட்டி இரண்டு பக்கத்திலும் போடுவார்கள், அல்லது இடையிசையைக் குறைப்பார்கள். படத்தில் வரும் சரணம் தட்டில் இல்லை என்றால் அதுதான் காரணம். 7 அங்குல 45 இ.பி.யில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு வரும், நெருக்கமாக வெட்டியிருப்பார்கள். ஆகவே ஒரே பாட்டு 78-இலும் இ.பி.யிலும் கிடைத்தால் இரண்டையும் வாங்குங்க.

#14 பட்டாலைப்_பாட்டு
ஏற்றும் முறை.

கணினியில் பதிவுத் தரத்தை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று வைங்க. தட்டு மோனோவாக இருந்தாலும் ஸ்டீரியோவாகவே பதியுங்க. பிறகு இடது, வலது இரண்டையும் தனித்தனியே கேளுங்க. பள்ளத்தின் ஒரு சுவர் மற்றதைவிட நன்றாக இருக்கும் தட்டுகள் நிறைய. ஒன்று மிக மோசமென்றால் நல்லதை மட்டும் வைத்துக்குங்க. இரண்டும் சமமென்றால் சேர்த்து மோனோ ஆக்குங்க. சேர்க்கும்போது மேல் கீழ் ஆட்டத்தால் வரும் உறுமல் தானே அடிபட்டுப் போகும்.

டர்ன்டேபிளில் 78 வேகம் இல்லாதவர்கள் 3 மில் ஊசியோடு 45-இல் ஓட்டிப் பதிந்து, கணினியில் 73.33 சதவீதம் வேகம் கூட்டலாம். 3 நிமிடம் 10 நொடிப் பாட்டு பதியும்போது ஏறக்குறைய ஐந்தரை நிமிடம் ஓடும். வளைந்த தட்டுக்கு இது நல்லதும்கூட, ஊசி துள்ளாது. ஆனால் ஒரு சிக்கல். தட்டில் அடிநாதத்தைக் குறைத்தும் மேல் ஸ்தாயியைக் கூட்டியும் வெட்டியிருப்பாங்க. ஊசியின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கும் போனோ ஆம்ப் அதைச் சமன் செய்யப் போடும் ஆர்.ஐ.ஏ.ஏ. ஈக்யூ (எல்.பி.க்கான சமன் வளைவு) தவறான இடத்தில் விழும். வேகம் கூட்டும் முன்பே அதைத் தலைகீழாகப் போட்டு நீக்கணும், பிறகுதான் வேகம். வரிசை மாறினால் அடிநாதம் வீங்கி, சந்திரபாபு கிணற்றுக்குள் நிற்பார்.

நேராக 78-இல் ஓட்டினாலும் ஆர்.ஐ.ஏ.ஏ. இந்தத் தட்டுகளுக்குப் பொருந்தாது. 1950-களின் நடுவில் வந்த பிரிட்டிஷ் தர 78 வளைவில் அடிநாதத் திருப்பம் (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே அடிநாதத்தைக் கூட்ட வேண்டுமோ அது) 353 ஹெர்ட்ஸ், மேலே 10 கிலோஹெர்ட்ஸில் 10.5 டெசிபெல் குறைப்பு. ஆர்.ஐ.ஏ.ஏ.வில் திருப்பம் 500, மேலே 13.7. ஆகவே ஆர்.ஐ.ஏ.ஏ. வழியே வந்ததை எடுத்து, 250-க்குக் கீழே சுமார் 3 டெசிபெல் குறைத்து, 10 கிலோஹெர்ட்ஸில் 3 கூட்டினால் கிட்டத்தட்ட சரியாகும். அதற்கு முந்தைய தட்டு என்றால் திருப்பம் 250, கீழே 6 குறைக்கணும். மேல் பக்கம் காதுக்கு விட்டுடுங்க.

#15 கோட்டையூர்_குழாய்
இரைச்சல் நீக்கி போட்டா எல்லாம் சரியாயிடுமே, எதுக்கு இவ்வளவு?

#16 ஊசிமுனை
ஆகாது தம்பி. சந்திரபாபுவுக்கு அது விஷம். இரைச்சல் நீக்கி, தொடர்ந்து வரும் ‘உஸ்’ஸை ஒரு மாதிரியாக எடுத்து அதைப்போல இருப்பதையெல்லாம் கழிக்கும். கள்ளத்தொண்டையில் பாதி மூச்சுக்காற்று. அதையும் ‘உஸ்’ என்றே எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது மின்சார விசில். குரல் முறியும் கணத்தைச் கீறலால் வரும் ‘டிக்’ என்ற சொடுக்கென்று நினைத்து, சொடுக்கு நீக்கியும் அதைச் சீவிவிடும். யோடலிங்கின் உயிரே அந்த முறிவுதான்.

#17 பட்டாலைப்_பாட்டு
முழுக்க விடணும் என்று நான் சொல்ல மாட்டேன். அரக்குத் தட்டின் இரைச்சலை அப்படியே மற்றவர் காதில் போட்டால் அரை நிமிடத்தில் எழுந்து போவாங்க. சொடுக்கு நீக்கியை ஈக்யூவுக்கு முன்னால் ஓட்டுங்க. அப்போது சொடுக்கு கூர்மையாக இருக்கும், கருவி தெளிவாகப் பிடிக்கும். யோடலிங் வரும் பகுதியைத் தேர்வில் விட்டுவிட்டு, அங்கே மட்டும் பெரிய சொடுக்குகளைக் கையால் திருத்துங்க. இரைச்சல் நீக்கி போட்டே ஆகணும் என்றால் 6 டெசிபெலுக்கு மேல் வேண்டாம். எதையும் தொடாத மூலப் பதிவைத் தனியே வைத்துக்குங்க.

#18 ஊசிமுனை
6 என்றால் சரி. 12 போட்டு ‘ரீமாஸ்டர்’ என்று ஏற்றுகிறார்களே, அவர்களைத்தான் சொன்னேன்.

#19 தேவகோட்டை_ரஸ்தா
தட்டு கேட்ட பிறகு படத்தையும் பாருங்க. பெரும்பாலும் இவர் தன் பாட்டுக்குத் தானே ஆடுபவர். மற்ற நாயகர்களுக்குப் பின்னணிக் குரல் ஒருவர், உடல் ஒருவர். இவரிடம் தோளும் இடுப்பும் குரல் முறியும் அதே இடத்தில் முறியும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் யோடலிங் எங்கே என்று சொல்லிவிடலாம். ‘பெண்’ படத்தில் பாலச்சந்தர் அதே குரலுக்கு வாயசைப்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க, அவரும் கெட்டிக்காரர்தான், ஆனாலும் உடல் வேறு கணக்குப் போடும். ‘சபாஷ் மீனா’வில் (1958) இரட்டை வேடம், அதில் ஒன்று ரிக்‌ஷாக்காரர். பேச்சிலேயே தாளம் எப்படி மாறுகிறது என்பதற்கு அது. இளமையில் கொழும்பில் இருந்தவர், மேற்கத்தியப் பாட்டு அவருக்குப் புத்தகப் பாடமல்ல.

#20 வளவு_வானொலி
ஏற்றியதை இணையத்தில் போடலாமா? உரிமை யாருடையது?

#21 பட்டாலைப்_பாட்டு
இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1957 தட்டு 2017 முடிவோடு, 1962 தட்டு 2022 முடிவோடு, 1964 தட்டு 2024 முடிவோடு வெளியே வந்தாச்சு. ஆனால் பாடல் வரிக்கும் இசைக்கும் தனிக்கணக்கு, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு. பட்டுக்கோட்டை 1959-இல் மறைந்தவர், அவர் வரிகள் 2019 முடிவோடு விடுபட்டன. ஜி. ராமநாதன் 1963, இசை 2023 முடிவோடு. கண்ணதாசன் 1981, ஆகவே 2041 முடியும் வரை உரிமை உண்டு. விஸ்வநாதன் 2015-இல்தான் மறைந்தார். ‘உனக்காக எல்லாம்’ பாட்டில் வரி விடுபட்டும் இசை விடுபடாததற்கு இதுதான் காரணம். வீட்டில் கேட்கத் தடையில்லை. பொதுவில் போடுவதென்றால் ஒலிப்பதிவு, வரி, இசை மூன்றையும் தனித்தனியே பாருங்க.

#22 மைக்செட்_பெட்டி
ஏற்றும்போதே கோப்பின் பெயரில் லேபிளில் உள்ள தட்டு எண், பக்கம், ஊசி அளவு, ஓட்டிய வேகம் நான்கையும் எழுதிடுங்க. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் சேருங்க, லேபிள் கிழிந்த தட்டுகளைப் பின்னால் அடையாளம் காண அது ஒன்றுதான் வழி. சாய்வு வெளிச்சத்தில் கைபேசியால் படம் எடுத்தால் எண் தெரியும். தெரியவில்லை என்றால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் லேசாகத் தேயுங்க. பள்ளத்தின் மேல் பென்சில் படாமல் பாத்துக்குங்க.